புகா பள்ளத்தாக்கில் ஆவி வருகிறது, கரண்ட் ஏன் வரவில்லை?

லடாக்_புல்லட்:

போன செப்டம்பரில் லடாக்கின் லே நகரத்திலிருந்து சோ மோரிரி ஏரிக்குப் போகும் வழியில் சும்தோ பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு புகா பள்ளத்தாக்கைப் பார்த்தேன். தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் போராக்ஸ் (வெண்காரம்) பூத்துக் கிடக்கிறது, நடுநடுவே வெந்நீர் கொப்பளிக்கிறது, கந்தக வாடை மூக்கைத் துளைக்கிறது. அன்று ராத்திரி தங்கின இடத்தில் குளிருக்குச் சாண வறட்டிதான் எரித்தார்கள், கண்ணெல்லாம் எரிச்சல். இவ்வளவு சூடு காலுக்கடியில் இருக்கும்போது இதென்ன கூத்து என்று தோன்றியது.

1970களிலேயே ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை) இங்கே போர் போட்டுப் பார்த்திருக்கிறது என்று படித்தேன். அம்பது வருஷம் ஆகிவிட்டது. கென்யாவில் மொத்த மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதி இப்படி பூமிக்கடியிலிருந்துதான் வருகிறதாம். ஐஸ்லாந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நமக்கு மட்டும் என்ன பிரச்சினை? பணமா, தொழில்நுட்பமா, இல்லை கீழே சரக்கே இல்லையா? "அரசாங்கம் சரியில்லை" என்று ஒரு வரியில் யாரும் பதில் போட வேண்டாம், அதைச் சொல்ல டீக்கடையே போதும்.

கருங்கல்:

சரக்கு இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாத சங்கதி.

முதலில் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி சுமார் 5 கோடி வருஷம் ஆகிறது, இரண்டும் ஒட்டின தையல் சிந்து நதியை ஒட்டியே ஓடுகிறது, புகா அந்தத் தையலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மோதலில் மேலோடு மடங்கித் தடித்துப்போய், உள்ளே பாறை பாதி உருகின நிலையில் இருக்கிறது. ஹைதராபாத் என்ஜிஆர்ஐ (தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம்) ஆட்கள் மேக்னடோடெல்லூரிக் முறையில் (பூமிக்குள் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று மேலிருந்தே அளப்பது) பார்த்ததில், சுமார் 2 கிலோமீட்டருக்குக் கீழே மின்கடத்தும் பகுதி ஒன்று தெரிந்தது. உருகின பாறையோ உப்புநீரோ இருந்தால் அப்படிக் கடத்தும். ஊற்று நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, சோடியம், பொட்டாசியம் கணக்கை வைத்துப் பார்த்தாலும் கீழே 200 டிகிரிக்கு மேல் என்றுதான் வருகிறது.

மேலே வரும் தண்ணீர் 84 டிகிரிதான் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 4,400 மீட்டர், அங்கே தண்ணீர் கொதிப்பதே 85 டிகிரி வாக்கில்தான். அதற்கு மேல் தண்ணீராக இருந்து சூடாக வழியில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜிஎஸ்ஐ 70களில் போட்டது 34 துளைகள், அதில் ஆழமானதே 385 மீட்டர்தான். கிடைத்த அதிகபட்ச வெப்பம் 140 டிகிரியை ஒட்டி. கோவையில் அபார்ட்மென்ட்காரர்கள் தண்ணீருக்குப் போடும் போரே இப்போது அந்த ஆழத்தை நெருங்குகிறது! அடுப்பு எரிகிறது என்று நிரூபித்தார்கள், அண்டாவில் தண்ணீர் எவ்வளவு என்று மூடியைத் திறந்து பார்க்கவில்லை. மின்நிலையம் கட்ட அந்த இரண்டாவது விஷயம்தான் வேண்டும். சூடு மட்டும் போதாது, பாறையில் விரிசல் இருக்க வேண்டும், அந்த விரிசல் வழியே தண்ணீர் ஓட வேண்டும், வருஷக்கணக்கில் ஓட வேண்டும்.

ஒரு குத்துமதிப்புக் கணக்கு போடுங்கள். 140 டிகிரி தண்ணீரை 80 டிகிரி வரை ஆறவிட்டு அந்தச் சூட்டை எடுக்கிறோம், அதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமாகிறது என்று வைத்துக்கொண்டால், 1 மெகாவாட்டுக்கு விநாடிக்குச் சுமார் 40 லிட்டர் வெந்நீர் வேண்டும். இரவு பகல் நிற்காமல். அதை எடுத்த பிறகு திரும்பவும் பூமிக்குள்ளேயே இறக்க வேண்டும். ஊற்று கொப்பளிப்பதைப் பார்த்து மட்டும் இதெல்லாம் கிடைக்கும் என்று எந்த வங்கியும் கடன் தராது.

ரிக்_மாமா:

கருங்கல் சார் சொன்னது சரி, ஆனால் ஜியாலஜி ஆட்கள் எப்போதும் "இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போட்டால் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அந்த இன்னும் கொஞ்சத்தைப் போடுகிறவன் பாட்டைக் கேட்க ஆள் கிடையாது, அதனால் நான் சொல்கிறேன். எண்ணெய்க் கிணறு ரிக்கில்தான் என் வாழ்க்கை போனது, வெந்நீர்க் கிணறு வேலையும் வெளிநாட்டில் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

4,400 மீட்டரில் காற்று மெலிசு, டீசல் எஞ்சின் கீழே கொடுக்கிற இழுவையை அங்கே கொடுக்காது, ஆளும் அப்படித்தான், நாலு குழாய் தூக்கினால் மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை போகிற இடம், மட் (துளைக்குள் சுற்றவிடும் சேற்றுக் கலவை) டேங்கே உறைந்துவிடும். அதனால் வேலைக்கு உகந்த மாதங்கள் குறைவு. ஒரு உதிரி பாகம் தவறிப்போனால் லேயிலிருந்து வர வேண்டும், சுமார் 180 கிலோமீட்டர் மலைப்பாதை, லேயில் இல்லாவிட்டால் அந்த சீசனே போச்சு.

அதைவிட முக்கியம், வழக்கமாக எண்ணெய்க் கிணற்றில் அழுத்தமெல்லாம் ஆழத்தில்தான் இருக்கும், அதற்குள் நாம் கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) இறக்கி, சிமென்ட் போட்டு, மேலே பிஓபி வால்வு (பீறிட்டு வருவதை அடைக்கும் மூடி) மாட்டித் தயாராகிவிடுவோம். புகா மாதிரி இடத்தில் கொதிநீர் தரைக்குப் பக்கத்திலேயே காத்திருக்கிறது. முதல் கேசிங்கே சரியாக உட்காராத நிலையில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தால், பிட்டுக்கு (துளைக்கும் முனைக்கு) மேலே இருக்கிற தண்ணீர் சட்டென்று ஆவியாக மாறும், மட் வெளியே தள்ளும், எடை குறையும், இன்னும் வேகமாக வரும். அப்புறம் வெப்பத்தில் கேசிங் நீளும், சாதா சிமென்ட் நாளடைவில் பலமிழந்துபோகும், சிலிக்கா மாவு கலந்த சிமென்ட் வேண்டும். 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி லடாக் நிர்வாகத்தோடும் லே மலை கவுன்சிலோடும் ஒப்பந்தம் போட்டது, முதல் கட்டம் 1 மெகாவாட் சோதனை நிலையம். 2022 ஆகஸ்டில் துளை போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் வெந்நீர் அதிக அழுத்தத்தில் பீறிட்டு வெளியே வந்து பக்கத்து ஓடையில் கலந்தது, வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. பத்திரிகையில் இதைத் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் அந்த வேகத்தில் வந்தது என்றால் கீழே ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம், அடக்கத் தயாராகப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

லடாக்_புல்லட்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் உயரம், குளிர், ரோடு என்றால் ஒரு சந்தேகம். திபெத்தில் யாங்பாஜிங் என்று ஒரு இடம், அதுவும் 4,300 மீட்டர், அதே இமயமலை வெப்பப் பட்டை. அங்கே 1977-லேயே மின்சாரம் எடுத்துவிட்டார்களே? நாம் துளை போட்ட அதே காலம். அவர்களுக்கு மட்டும் எஞ்சின் மூச்சு வாங்கவில்லையா?

கருங்கல்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 1977-ல் அங்கே ஓட்டினது வெறும் 1 மெகாவாட் சோதனை யூனிட்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 25 மெகாவாட் வரை கொண்டுபோனார்கள். ஆழம் குறைவான பூமிக்கடி வெந்நீர்த் தேக்கத்தில் 150 டிகிரி வாக்கில்தான் இருந்தது, அதாவது புகாவில் நாம் தொட்ட வெப்பத்துக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. அதனால் "புகாவில் போதிய சூடு இல்லை" என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

வித்தியாசம் இரண்டு. யாங்பாஜிங்கிலிருந்து 90 கிலோமீட்டரில் லாசா நகரம், மின்சாரத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த ஊர், வேறு நல்ல வழியும் அப்போது இல்லை. புகாவுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள், ஒரு உறைவிடப் பள்ளி, கொஞ்சம் தள்ளி ராணுவம். 1 மெகாவாட் கொடுத்தால்கூட அங்கேயே செலவழிக்க ஆள் இல்லை, லேக்குக் கம்பி இழுக்க வேண்டும். இரண்டாவது, சீனா லாபக் கணக்கு பார்க்காமல் இறங்கியது. கிணற்றுக்குள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டே இருக்கும், கருவியை உள்ளே இறக்கிச் சுரண்டிச் சுரண்டி ஓட்டினார்கள். எடுத்த தண்ணீரை ஆற்றில் விட்டதில் ஆர்சனிக்கும் போரானும் கீழே உள்ள கிராமங்கள் வரை போனது. அந்த ஒன்றில் மட்டும் அவர்கள் வழியே வேண்டாம். புகா தண்ணீரில் போரான் எக்கச்சக்கம், அது சிந்துவில் போய்ச் சேரும் ஓடை. சாங்தாங் சரணாலயப் பகுதி வேறு, கருங்கழுத்துக் கொக்கு குஞ்சு பொரிக்கிற சதுப்பு நிலம்.

நைவாஷா_வாசி:

கென்யா பேச்சு வந்ததால் வருகிறேன், பத்துப் பன்னிரண்டு வருஷமாக இங்கேதான் வேலை. ஒல்காரியா புவிவெப்ப மின்நிலையத்துக்குப் போகிற வழியில் வரிக்குதிரை மேய்கிறது, பின்னால் ஆவிக்குழாய் வளைந்து வளைந்து போகிறது, குழாய்க்கு அடியில் ஒட்டகச்சிவிங்கி போகட்டும் என்று அங்கங்கே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவுக்குள்ளேயே நிலையம்.

இங்கே எல்லாம் சுலபமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். 1956-ல் இரண்டு கிணறு போட்டார்கள், ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழம், இரண்டிலும் உருப்படியாக ஆவி வரவில்லை, மூட்டை கட்டிவிட்டார்கள். 70களில் ஐ.நா. உதவியோடு திரும்ப ஆரம்பித்து, 1981-ல்தான் முதல் 15 மெகாவாட். அதாவது முதல் கிணற்றிலிருந்து முதல் பல்பு வரை 25 வருஷம். இது கீழே நிலம் பிளந்துகொண்டிருக்கிற ரிஃப்ட் பள்ளத்தாக்கு, மேக்மா பக்கத்திலேயே இருக்கிறது, புகாவைவிடப் பலமடங்கு வசதியான இடம், அதிலேயே இந்த நிலை.

வேகம் பிடித்தது எப்போது என்றால், 2008-ல் அரசே ஜிடிசி என்று ஒரு கம்பெனி தொடங்கியது. துளை போடுவதும் ஆவியைக் கண்டுபிடிப்பதும் அதன் பொறுப்பு, டர்பைன் வைக்கிறவன் வந்து ஆவியை விலைக்கு வாங்கிக்கொள்வான். கிணறு காய்ந்துபோனால் நஷ்டம் அரசுக்கு. மெனெங்காய் என்ற இன்னொரு இடத்தில் அப்படித்தான் தனியார் நிலையங்கள் வந்தன. பணம் போடுகிறவனுக்குப் பயமே முதல் நாலைந்து கிணறுதான், அந்தப் பயத்தை யாராவது ஒருத்தர் தலையில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இந்தியாவில் அந்தத் தலை யாருடையது என்று நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒல்காரியா நாலாவது நிலையத்துக்காக மாசாய் குடும்பங்களை இடம் மாற்றினார்கள், புது வீடு, ரோடு எல்லாம் கொடுத்தும், நிலப் பத்திரம், மேய்ச்சல், வேலை என்று சண்டை வந்து உலக வங்கி வரை புகார் போனது. சாங்பா மக்களுக்கும் மேய்ச்சல்தான் பிழைப்பு. அதை முதலிலேயே உட்கார்ந்து பேசுவது நல்லது.

சூரியப்_பிரகாசம்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? லடாக்கில் அடிக்கிற வெயில் நாட்டில் வேறெங்கும் கிடையாது. சோலார் யூனிட் மூன்று ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. பாங் பக்கம் பெரிய சோலார் திட்டம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீமூ பாஸ்கோ, சுடக் என்று இரண்டு நீர்மின் நிலையம் சேர்த்து 89 மெகாவாட் ஓடுகிறது. 2019-ல் ஸ்ரீநகரிலிருந்து லேக்கு 220 கிலோவோல்ட் லைனும் வந்துவிட்டது. 1 மெகாவாட்டுக்காக மலை உச்சியில் ரிக் ஏற்றுவது காட்சிப்பொருளாகத்தான் முடியும்.

கருங்கல்:

மின்சாரம் மட்டும் என்றால் நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்வேன். ஆனால் ஜனவரியில் சிந்து உறைகிறது, நீர்மின் நிலையம் தவழ்கிறது, சூரியன் மாலை ஐந்து மணிக்கு மலைக்குப் பின்னால் போய்விடுகிறது, ராத்திரி மைனஸ் 25. அப்போது அந்த ஊருக்குத் தேவை பல்பு இல்லை, சூடு. இன்றைக்கு அந்தச் சூடு புகாரி அடுப்பில் மண்ணெண்ணெயாக லாரியில் ஏறி வருகிறது. 140 டிகிரி வெந்நீரில் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்கிவிட்டு ஒரு பங்கை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தில் ஹீட்டர் போடுவதைவிட, வெந்நீரையே குழாயில் விட்டு அறையைச் சூடாக்குவது எவ்வளவோ மேல். புகாவில் முன்பே ஒரு குடிசையை வெந்நீரால் சூடாக்கிப் பார்த்தார்கள், கண்ணாடிக் கூடாரத்தில் காய்கறி வளர்த்துப் பார்த்தார்கள், போராக்ஸ் சுத்திகரித்துப் பார்த்தார்கள். எல்லாம் சோதனையோடு நின்றது. சிந்துக் கரையில் இருக்கிற சுமதாங்கில் நார்வேக்காரர்கள் சேர்ந்து கட்டடத்தை வெந்நீரால் சூடாக்கும் சின்னத் திட்டம் ஒன்று செய்தார்கள்.

என் அபிப்பிராயத்தில் முதலில் அந்த நாடோடிப் பிள்ளைகளின் பள்ளியைத்தான் சூடாக்க வேண்டும். அதற்குப் பெரிய ரிக் வேண்டாம், ஏற்கெனவே தெரிந்த ஆழமே போதும்.

நைவாஷா_வாசி:

இதற்கு ஒரு ஓட்டு. இங்கே ஏரிக்கரை ரோஜாப் பண்ணை ஒன்று ராத்திரியில் பூவுக்குப் பூஞ்சை வராமல் இருக்க கூடாரத்தைப் பூமிச்சூட்டில்தான் கதகதப்பாக வைக்கிறது. பெரிய மின்நிலையத்துக்குத் தோதுப்படாத கிணறுதான் அவர்களுக்குப் போனது.

ரிக்_மாமா:

சோலார் தம்பிக்கு ஒன்று. அலாஸ்காவில் சேனா என்ற இடத்தில் 2006-லிருந்து 74 டிகிரி தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், ஒரு யூனிட் 200 கிலோவாட்தான், ஆனால் எடுக்கிறார்கள். எப்படி என்றால் குளிர்விக்க அங்கே 4 டிகிரி தண்ணீர் கிடைக்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளிதான் டர்பைனைச் சுற்றுகிறது, அந்த இடைவெளி லடாக்கில் இலவசம். முன்பு அங்கே டீசல் ஜெனரேட்டர் ஓடியது, டீசலுக்குக் கொடுத்த காசை ஒப்பிட்டால் கட்டுப்படியானது. எல்லைக்குப் பக்கத்தில் டீசல் யூனிட் என்ன விலை ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு மூன்று ரூபாய் பேச்சுப் பேசலாம்.

கோணேசர்_ஊர்:

திருகோணமலையில இருந்து எழுதுறன். எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத் தோண்டினது எண்டு சொல்லுவினம். அதில இருந்தும் கரண்ட் எடுக்கலாமோ அண்ணை, இல்லாட்டி குளிக்க மட்டும்தானோ? பகிடி இல்லை, உண்மையாத்தான் கேக்கிறன்.

கருங்கல்:

குளிக்க மட்டும்தான் தம்பி, அதுவே பெரிய பாக்கியம். கன்னியா தண்ணீர் 40 டிகிரி சொச்சம். இலங்கையும் தென்னிந்தியாவும் உட்கார்ந்திருப்பது பழைய கெட்டிப் பாறை மேல், கீழே உருகின பாறை எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் ஆழமான பிளவில் இறங்கி, பூமியின் சாதாரணச் சூட்டை வாங்கிக்கொண்டு வேகமாக மேலே வருகிறது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துப் பாறை எவ்வளவு சோம்பேறி என்பதற்குக் கோலார் தங்கவயலைப் பார்க்கலாம். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறை இறங்கி வேலை செய்த சுரங்கம், சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறை 65 டிகிரியைத் தாண்டும், மனிதன் நிற்க முடியாத சூடு, குளிர்காற்று அனுப்பித்தான் வேலை வாங்கினார்கள். ஆனால் மின்சாரக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. அங்கே 3 கிலோமீட்டர் போய்க் கிடைக்காத சூடு புகாவில் 300, 400 மீட்டருக்குள் இரண்டு மடங்கு கிடைக்கிறது.

லடாக்_புல்லட்:

அருமை. கடைசியாக இரண்டு சந்தேகம். ஒன்று, எடுத்துக்கொண்டே இருந்தால் வற்றிவிடாதா? இரண்டு, தண்ணீரை உள்ளே தள்ளினால் நிலநடுக்கம் வரும் என்கிறார்களே, லடாக் ஏற்கெனவே ஆடுகிற பூமி.

ரிக்_மாமா:

வற்றும். கலிஃபோர்னியாவில் கெய்சர்ஸ் என்று உலகிலேயே பெரிய ஆவி வயல், 1960-ல் ஆரம்பித்து 80களில் ஆளாளுக்கு நிலையம் கட்டி உறிஞ்சினார்கள், திரும்ப உள்ளே விட்ட தண்ணீர் போதவில்லை, அழுத்தம் சரசரவென்று இறங்கிவிட்டது. அப்புறம் பக்கத்து ஊர்களின் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள், சாண்டா ரோசா நகரத்தின் தண்ணீர் 2003-லிருந்து போகிறது, இன்னும் ஓடுகிறது. நியூசிலாந்து வைராகேயில் தரையே பல மீட்டர் கீழே இறங்கினது, பக்கத்திலிருந்த பீச்சு ஊற்றுகள் செத்துப்போயின. ஆகவே எடுத்த தண்ணீரைத் திரும்ப விடும் கிணறு முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றால் புகா ஊற்றும் போய்விடும்.

கருங்கல்:

நிலநடுக்கத்துக்கு நான். பயப்பட வேண்டியது வேறு வகைக் கிணறு. விரிசல் இல்லாத பாறையை உயர் அழுத்தத் தண்ணீரால் உடைத்து விரிசல் உண்டாக்கும் முறை, அதில்தான் 2006-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் ஆடியது (ரிக்டர் 3.4), 2017-ல் தென்கொரியா போஹாங்கில் 5.4 வாக்கில் வந்து கட்டடங்கள் சேதமாயின. புகாவில் விரிசல் இயற்கையாகவே இருக்கிறது, அதனால்தான் ஊற்றே வருகிறது. திரும்ப விடும் தண்ணீரிலும் சின்ன அதிர்வுகள் வரும், முன்கூட்டியே நிலநடுக்கமானி வைத்து ஒரு வருஷமாவது சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பதிந்துகொள்வது அவசியம், இல்லாவிட்டால் பின்னால் எந்த அதிர்வு யாரால் என்று சண்டை போட வேண்டிவரும்.

சூரியப்_பிரகாசம்:

பள்ளியைச் சூடாக்கும் யோசனை எனக்கும் சம்மதம். ஆனால் நாடு முழுக்க 10,600 மெகாவாட் இருக்கிறது என்று ஜிஎஸ்ஐ கணக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், 385 மீட்டர் துளையை வைத்து எந்தக் கணக்கும் போடலாம்.

ரிக்_மாமா:

அதில் நானும் உங்கள் கட்சி. 2025-ல் மத்திய அரசு புவிவெப்பத்துக்கென்று தேசியக் கொள்கை அறிவித்திருக்கிறது, படித்தேன், நல்ல வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: 1,500, 2,000 மீட்டருக்கு நாலு கிணறு, காசு அரசுடையது, காய்ந்துபோனால் யாரையும் விசாரணைக் கமிஷனில் நிறுத்தாத ஒரு உத்தரவு. கிணறு ஓடினால் மாதக்கணக்கில் திறந்துவிட்டு அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அந்தத் தாளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மெகாவாட் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.